ஒன்றரை மாடி வீட்டின் கூரையில் இரண்டு அலங்கார டோர்மர்கள்

இரண்டாம் உலகப் போரின் போதும் அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளிலும் கட்டப்பட்ட ஒன்றரை மாடி வீடுகள் கனடாவின் பல நகரங்களில் இன்றும் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. 1941ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய போர்க்கால வீடமைப்பு நிறுவனம் முதலில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளருக்காகவும், பின்னர் போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்காகவும் சில எளிய வரைபடங்களை வைத்துக்கொண்டு இவற்றை வரிசை வரிசையாகக் கட்டியது. அதே வடிவத்தைப் பின்பற்றித் தனியாரும் கட்டினார்கள். ரொறன்ரோவின் கிழக்கு யோர்க் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் வீடும் அந்த வகைதான்: நடுவில் வாசல், வாசலின் இருபுறமும் ஒவ்வொரு யன்னல், அவற்றுக்கு மேலே வீட்டின் பாதி உயரத்தை எடுத்துக்கொள்ளும் செங்குத்தான கூரை. வீதியிலிருந்து பார்ப்பவருக்குச் சுவரைவிடக் கூரைதான் அதிகம் தெரியும். அந்தக் கூரை எந்த உருவமும் இல்லாத, ஷிங்கிள் எனப்படும் தார் பூசிய மெல்லிய ஓடுகளின் ஒரே பரப்பாக இருந்தது.

ஷிங்கிள்களின் ஆயுள் முடிந்து, கூரையை எப்படியும் புதிதாகப் போடவேண்டிய நிலை வந்தபோது, முன் சரிவில் இரண்டு டோர்மர்களைச் சேர்ப்பது என்று தீர்மானித்தோம். டோர்மர் என்பது சரிவான கூரையிலிருந்து நிமிர்ந்து நிற்கும், தனக்கென்று சிறு கூரையும் முன்பக்கம் ஒரு யன்னலும் உடைய அமைப்பு. மேல்மாடி அறைக்கு வெளிச்சமும் தலை நிமிர்த்தும் உயரமும் தருவதற்காகவே அது பெரும்பாலும் கட்டப்படுகிறது. அதற்குக் கூரையை வெட்டித் திறந்து, வெட்டிய கைமரங்களின் (கூரையைத் தாங்கும் சாய்ந்த மரங்களின்) சுமையை இருபுறமும் இரட்டைக் கைமரங்களுக்கு மாற்றி, உள்ளே வெப்பக்காப்பு, பூச்சு, மின்சாரம் என்று எல்லாம் செய்யவேண்டும். எங்கள் மேல் அறைகளுக்குப் பக்கவாட்டு முக்கோணச் சுவர்களில் ஏற்கெனவே நல்ல யன்னல்கள் இருக்கின்றன. ஆகவே கூரையைத் திறக்காமல், பழைய பலகைகளின் மேலேயே அமர்ந்து, வெளித்தோற்றத்துக்கு மட்டும் பயன்படும் டோர்மர்களைத் தெரிவுசெய்தோம்.

அலங்காரத்துக்காகக் கட்டுவது என்பதால் வேலையையும் இலேசாகச் செய்துவிடலாம் என்ற எண்ணத்தைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். அதை நான் முழுமையாக மறுக்கிறேன். மழைக்கும் பனிக்கும் அது அலங்காரமா, அறையா என்ற வேறுபாடு கிடையாது. ஒழுக்கில்லாமல் இருந்த ஒரு கூரையில் நாமாகவே ஒவ்வொரு டோர்மருக்கும் இரண்டு கூடுவாய்களையும் (இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் பள்ளங்களையும்), இரண்டு பக்கச் சுவர்களையும், ஒரு முன்சுவரையும் கொண்டுபோய் வைக்கிறோம். தண்ணீர் நுழையக்கூடிய இடங்கள் கூரையில் எவை என்று கேட்டால் ஒரு கூரைக்காரர் முதலில் சொல்பவை இவைதான். அதனால் இந்தப் பதிவில் மரவேலையைவிட, தண்ணீர் நுழையாதபடி மூட்டுகளில் உலோகத் தகடு வைத்த விதத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

அளவும் இடமும்

கருவிகளைத் தொடுவதற்கு முன் எங்கள் பகுதியின் வீதிகளில் நடந்து, டோர்மர் உள்ள வீடுகளை எல்லாம் நின்று பார்த்தேன். நன்றாக அமைந்தவற்றில் சில பண்புகள் பொதுவாக இருந்தன. டோர்மரின் யன்னல் கீழே உள்ள யன்னலைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தது. அதன் நடுக்கோடு கீழ் யன்னலின் நடுக்கோட்டுக்கு நேராக இருந்தது. யன்னலின் இருபுறமும் சட்டப் பலகையின் அகலத்துக்கு மேல் சுவர் தெரியவில்லை. டோர்மரின் கூரைச் சரிவும் வீட்டின் கூரைச் சரிவும் ஒன்றாக இருந்தன. அதன் முகடு வீட்டின் முகட்டுக்கு நன்கு கீழேயே நின்றுவிட்டது. கண்ணுக்கு உறுத்தியவற்றில் பெரும்பாலும் ஒரே குறைதான் இருந்தது: அகலமான முகப்பின் நடுவே சிறிய யன்னல், இருபுறமும் ஓர் அடிக்கு மேல் சைடிங் என்ற வெளிச்சுவர்ப் பலகை. அவை யன்னலுக்காகக் கட்டியவையாகத் தெரியாமல் கூரையில் ஏற்றிவைத்த பெட்டிகளாகத் தெரிந்தன.

ஒன்ராறியோவின் பழைய செங்கல் வீடுகளில் வாசலுக்கு மேலே நடுவில் ஒரே ஒரு கூர்மையான முக்கோண முகப்பு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மாகாணம் முழுவதும் பரவிய அழகான வடிவம் அது. அதையும் யோசித்தோம். ஆனால் போர்க்கால வீடுகளின் வடிவம் அமெரிக்காவின் கேப் கொட் வீடுகளின் வழிவந்தது. அந்த வீடுகளுக்கு யன்னலுக்கு நேர்மேலே ஒவ்வொன்றாக நிற்கும் ஒடுக்கமான டோர்மர்கள்தான் பொருந்தும். வீட்டுக்கு எந்த மரபு உண்டோ அதற்குள் நின்று சேர்ப்பதே சரியென்று எனக்குப் பட்டது.

அளவை முடிவுசெய்ய, இலேசான நுரைப்பலகையில் முகப்பை உண்மை அளவில் வெட்டி, சாரத்திலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்ள, எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து பார்த்தோம். 42 அங்குல அகலம் கூரையை அமுக்குவது போலத் தெரிந்தது. 36 அங்குலம் சரியாக இருந்தது. அதில் 24 அங்குல அகலமும் 36 அங்குல உயரமும் உள்ள யன்னல், இருபுறமும் 6 அங்குலச் சட்டப் பலகை, வேறெதுவும் இல்லை. யன்னலுக்குக் கீழே 6 அங்குலம் விட்டோம். கூரையில் தேங்கும் பனி யன்னலின் அடிச்சட்டத்தில் உட்கார்ந்திருக்காமல் இருக்க அந்த உயரம் வேண்டும். மேலேயும் 6 அங்குலம் சேர்த்தால் முன்சுவரின் உயரம் 48 அங்குலம்.

36 அங்குலத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் கூரை ட்ரஸ், அதாவது தொழிற்சாலையில் பல மரங்களை முக்கோணச் சட்டகமாக இணைத்துக் கொண்டுவரும் அமைப்பு, வைத்த கூரை அல்ல. 16 அங்குல இடைவெளியில் தனித்தனிக் கைமரங்கள் வைத்துக் கட்டிய பழைய கூரை. இரண்டு இடைவெளிகள் சேர்ந்தால் 32 அங்குலம். மூன்றரை அங்குல அகலமுள்ள அடிச்சட்டத்தை இரு கைமரங்களின் நடுக்கோட்டில் வைத்தால் வெளி அளவு 35½ அங்குலம், அதன்மேல் பலகை அடித்தால் 36க்குச் சற்று மேல். கண்ணுக்குப் பிடித்த அகலமும் மரத்துக்குப் பிடித்த அகலமும் ஒன்றாக அமைந்தது எங்களுக்கு நல்வாய்ப்பு. ஆனால் கீழ் யன்னலின் நடுக்கோட்டுக்கு நேராக வைக்கும்போது, வலப்பக்க டோர்மர் கைமரங்களிலிருந்து ஏறத்தாழ மூன்று அங்குலம் விலகியது. நடுக்கோட்டை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. மூன்று அங்குல விலகலை வீதியில் போகும் எவரும் அளந்து சொல்லமாட்டார். ஆனாலும் ஏதோ ஒன்று சரியில்லை என்று கண் உடனே உணர்ந்துவிடும்.

அனுமதியும் முன்னேற்பாடும்

கூரையின் வடிவத்தையும் அது தாங்கும் பனிச்சுமையையும் மாற்றும் வேலை என்பதால் நகரசபையில் விசாரித்து, ஒரு கட்டட வரைஞரிடம் வரைபடம் பெற்று, அனுமதி எடுத்த பிறகே தொடங்கினோம். பனிச்சுமை என்பதை இங்கே சற்று விளக்கவேண்டும். வெறும் சரிவில் விழும் பனி காற்றில் பறந்தும் சறுக்கியும் போய்விடும். டோர்மர் நின்றால் அதன் பக்கச் சுவரோரம் பனி குவிந்து தங்கும். டோர்மரின் சொந்த எடை பெரிதல்ல; அதனால் குவியும் பனியின் எடையைத்தான் வரைஞர் கணக்கில் எடுத்தார். ட்ரஸ் வைத்த புதிய வீடுகளில் வசிப்போர் இதில் மிகுந்த கவனம் எடுக்கவேண்டும். ட்ரஸ்ஸின் ஒவ்வொரு மரமும் மற்றவற்றோடு சேர்ந்து கணக்கிடப்பட்டது. பொறியியலாளரின் எழுத்து இல்லாமல் அதில் எந்த மரத்தையும் வெட்டவோ துளைக்கவோ கூடாது.

பழைய வீடு என்பதால் வேறு இரண்டு பரிசோதனைகளும் தேவைப்பட்டன. அந்தக் காலத்து வீடுகளின் கூரைக்குள் வெர்மிகியூலைட் என்ற பொன்னிறத் துகள் வெப்பக்காப்பாகக் கொட்டப்பட்டிருக்கலாம்; அதில் அஸ்பெஸ்டொஸ் கலந்திருக்கும் வாய்ப்பு உண்டு. அது இருந்தால் கூரைப் பலகையைக் கழற்றுவதற்கு முன் ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்பவேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது கனிமக் கம்பளிதான். அடுத்தது ஈயம் கலந்த பழைய வர்ணம். கூரை விளிம்புப் பலகையைச் சுரண்டுவதற்கு முன் அதையும் சோதித்தோம்.

12க்கு 12 சரிவுள்ள கூரையில், அதாவது 45 பாகையில், எவரும் கால் ஊன்றி நிற்க முடியாது. முன்புறம் முழுவதும் சாரம், சரிவில் இரும்புக் கொளுவிகளில் தாங்கிய பலகைகள், முகட்டில் நிரந்தரமாக அடித்த நங்கூரம், ஒவ்வொருவருக்கும் முழு உடலையும் தாங்கும் பாதுகாப்பு வாரும் கயிறும் என்று எல்லாம் பொருத்திய பின்புதான் முதல் ஷிங்கிளைக் கழற்றினோம். ஒன்ராறியோவில் கட்டட வேலையாள் ஒருவர் 3 மீற்றர் அல்லது அதற்கு மேல் விழக்கூடிய இடத்தில் வேலை செய்தால் விழாமல் காக்கும் ஏற்பாடு கட்டாயம். உயரத்தில் வேலை செய்யும் பயிற்சியும் 2015 முதல் சட்டப்படி தேவை. சொந்த வீட்டில் தானே வேலை செய்பவரை அந்தச் சட்டம் தேடிவராது என்று சொல்லிக்கொண்டு ஏணியை மட்டும் சாய்த்து ஏறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யவேண்டாம்.

மரவேலைக்கு யாழ்ப்பாணத்தில் தச்சுத் தொழில் பழகி, இங்கே நீண்ட காலமாகக் கூரை கட்டிவரும் ஒருவர் துணைக்கு வந்தார். நான் வரைபடத்தை விரித்து மர அளவுகளைப் பற்றிக் கேட்டபோது அவர் அதை மடித்துவைத்துவிட்டு, "தம்பி, தண்ணி எந்தப் பக்கத்தால வந்து எங்க இறங்கும் எண்டு முதல்ல பாரும். மரத்தைப் பிறகு வெட்டுவம்" என்றார். "சரி அண்ணை" என்று அவரோடு சாரத்தில் ஏறினேன். கூரையில் விரலால் கோடு போட்டு, ஒவ்வொரு துளியும் போகும் வழியை அவர் காட்டினார். பிறகு செய்த எல்லாவற்றுக்கும் அந்தக் கோடுகள்தான் அடிப்படை.

மரவேலை

முன் சரிவின் ஷிங்கிள்களை முழுவதும் கழற்றியதும் அடியில் தெரிந்தவை பிளைவுட் தகடுகள் அல்ல, குறுக்கே அடித்த பழைய பலகைகள். கூரை விளிம்பை ஒட்டிச் சில பலகைகள் மென்மையாகிப் போயிருந்தன, அவற்றை மாற்றினோம். மற்றவை உறுதியாகவே இருந்தன.

வலப்பக்க டோர்மரின் அடிச்சட்டங்கள் கைமரங்களின் மேல் அமராததால் அங்கே கைமரங்களுக்கு இடையில் குறுக்குக் கட்டைகள் தேவைப்பட்டன. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒன்றரை மாடி வீட்டில் மேல் அறையின் சரிந்த கூரை கைமரங்களின் அடியிலேயே இருக்கும். கூரை விளிம்பில் நுழையும் காற்று, வெப்பக்காப்புக்கும் பலகைக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய இடைவெளியில் ஏறி முகட்டால் வெளியேறவேண்டும். அந்த ஓட்டம் தடைப்பட்டால் அறையிலிருந்து கசியும் ஈரம் பலகையின் அடியில் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். குறுக்குக் கட்டையை நிமிர்த்தி அடித்தால் அந்த இடைவெளி அடியோடு அடைபட்டுவிடும். ஆகவே சில பலகைகளைக் கழற்றி, 2×4 கட்டைகளைப் (பெயர் அப்படியானாலும் உண்மை அளவு 1½×3½ அங்குலம்) படுக்கைவாட்டில், பலகையின் அடியோடு ஒட்டி, இரண்டு அடிக்கு ஒன்றாக வைத்தோம். ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள கட்டையின் கீழே காற்று போக வழி இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பார்த்த பின்பே பலகையை மூடினோம்.

அதன் பிறகு டோர்மர் அமரும் இடம் முழுவதிலும், சுற்றிலும் இரண்டு அடி கூடுதலாகவும், ஐஸ் அண்ட் வோட்டர் ஷீல்ட் எனப்படும் ஒட்டும் படலத்தை விரித்தோம். ஆணி துளைத்தால் ஆணியைச் சுற்றி இறுக மூடிக்கொள்ளும் தன்மை இதற்கு உண்டு. ஒன்ராறியோ கட்டட விதிகள் கூரையின் கீழ் விளிம்பில் இத்தகைய பாதுகாப்பைக் கேட்கின்றன. ஆனால் ஒன்றரை அடி உள்ளே போனால் ஓர் அடி உயரும் சரிவுக்கும் அதைவிடச் செங்குத்தான சரிவுக்கும் விலக்கு அளிக்கின்றன. எங்கள் கூரை அந்த விலக்கில் வரும். இருந்தும் விளிம்பிலிருந்து தொடங்கி டோர்மர்களைத் தாண்டி மேலே வரை ஒட்டினோம். டோர்மரோரம் தங்கும் பனி பகலில் உருகி இரவில் உறையும் இடத்தில், செங்குத்துச் சரிவு என்ற வாதம் முழுதாகப் பொருந்தாது என்பது என் எண்ணம்.

45 பாகைக் கூரையின் கணக்கு எளிது. 12 அங்குலம் உள்ளே போனால் 12 அங்குலம் உயரும். எனவே 48 அங்குல உயரமுள்ள முன்சுவரிலிருந்து பக்கச் சுவரின் மேற்சட்டம் 48 அங்குலம் பின்னே போய்க் கூரையைத் தொடும். சுவரின் அடி கூரைச் சரிவின் வழியே அளந்தால் ஏறத்தாழ 68 அங்குலம். டோர்மரின் பாதி அகலம் 18 அங்குலம் என்பதால் அதன் முகடு முன்சுவரின் மேல்மட்டத்திலிருந்து 18 அங்குலம் உயர்ந்து, 66 அங்குலம் பின்னே சென்று கூரையில் முடியும். இருபுறக் கூடுவாய்களும் ஒவ்வொன்றும் 31 அங்குலத்துக்குச் சற்று மேல். பலகையின் தடிப்பும் கூரை நீட்சியும் சேரும்போது இந்த எண்கள் சற்று மாறும். ஆகையால் தாளில் கிடைத்த எண்ணை மட்டும் நம்பாமல், முன் முகட்டு நுனியில் நூலைக் கட்டி, நீர்மட்டம் பார்த்துப் பின்னே இழுத்து, அது கூரையைத் தொட்ட இடத்தில் குறி வைத்தோம். அந்தக் குறியிலிருந்து இரு பக்கச் சுவர்களின் பின் மூலைக்கும் சாயநூல் அடித்தால் கூடுவாய்க் கோடுகள் கிடைத்துவிடும்.

முன்சுவர்களை நிலத்திலேயே 2×4 மரத்தில் கட்டி, பலகை அடித்து, யன்னலுக்கான திறப்போடு கயிற்றில் மேலே ஏற்றினோம். அடிச்சட்டங்களை நீண்ட திருகாணிகளால் படலத்தையும் பலகையையும் துளைத்துக் கைமரத்துக்குள் இறங்கும்படி முடுக்கினோம். முன்சுவரைத் தூக்குக்குண்டு பார்த்து நிறுத்தி, பக்கச் சுவரின் சாய்வெட்டுச் சட்டங்களைப் பொருத்தினோம். டோர்மரின் கைமரங்களுள் முன்பகுதியில் உள்ளவை சுவரின் மேற்சட்டத்தில் அமரும். பின்பகுதியில் உள்ளவற்றுக்குச் சுவர் கிடையாது. கூடுவாய்க் கோட்டின் உட்புறமாகக் கூரையில் படுக்கவைத்த பலகையில்தான் அவை அமரவேண்டும். அவற்றின் அடியை வீட்டுக் கூரையின் சரிவுக்கு ஏற்ப 45 பாகை சாய்த்து வெட்டினால்தான் முழுப் பரப்பும் பலகையில் படியும். அண்ணை முதல் மரத்தை வெட்டி வைத்துப் பார்த்து, அதையே அச்சாக வைத்து மற்றவற்றைக் குறித்தார். வெட்டிய முகத்துக்கும் பலகைக்கும் இடையில் ஒரு தாள்கூட நுழையவில்லை.

மூடுவதற்கு முன் நகரசபைப் பரிசோதகர் வந்து பார்த்தார். திருகாணிகள் கைமரத்தில் இறங்கியிருக்கின்றனவா என்பதையே அவர் அதிகம் கவனித்தார்.

தகடும் தண்ணீரும்

ஒரு டோர்மரைச் சுற்றித் தகடு வைப்பதில் ஒரே விதிதான்: மேலே இருப்பது எப்போதும் கீழே இருப்பதன் மேல் படியவேண்டும். இந்த விதி எங்கே மீறப்படுகிறதோ அங்கே ஒழுக்கு வரும். பசை எவ்வளவு பூசினாலும் சில குளிர்காலங்களில் அது விட்டுப்போகும்.

வேலை கீழிருந்து தொடங்கும். முன்சுவரின் அடி வரை ஷிங்கிள் வரிசைகளைக் கொண்டுவந்து நிறுத்தி, அவற்றின் மேல் படியும்படி முன் தகட்டை வைத்தோம். இது முன்சுவரின் முழு அகலத்தையும் தாண்டி இருபுறமும் சில அங்குலம் நீளவேண்டும். நீண்ட பகுதியை வெட்டி மூலையைச் சுற்றி மடிக்கும்போது, மூலையின் நுனியில் ஊசித்துளை அளவில் ஒரு திறப்பு தவிர்க்க முடியாமல் உண்டாகிறது. அதன்மேல் ஒட்டும் படலத்தின் சிறு துண்டை நீட்டி ஒட்டி மூடினோம். ஒரு டோர்மரில் நான் மிகப் பொறுமையாகச் செய்யும்படி சொல்லக்கூடிய இடம் அந்தக் கட்டைவிரல் அகல மூலைதான்.

பக்கச் சுவரில் நீளமான ஒரே தகட்டை வைக்கக் கூடாது. ஒவ்வொரு ஷிங்கிள் வரிசைக்கும், பாதி கூரையிலும் பாதி சுவரிலும் படியும்படி மடித்த ஒரு ஸ்டெப் ஃபிளாஷிங் தகடு வேண்டும். ஒரு வரிசை ஷிங்கிள், அதன்மேல் ஒரு தகடு, அதன்மேல் அடுத்த வரிசை, அதன்மேல் அடுத்த தகடு என்று மாறி மாறி ஏறிப்போகும். ஒவ்வொரு தகடும் கீழே உள்ளதன் மேல் மூன்று அங்குலமாவது படியவேண்டும். சுவரில் மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் ஏறவேண்டும். சுவரின் மழைக்காப்புத் தாள் அந்தத் தகட்டின் மேல் வந்து விழவேண்டும். தகட்டைக் கூரையில் மட்டும் ஆணியடித்தோம், சுவரில் அடிக்கவில்லை. இரண்டிலும் அடித்தால் மரம் குளிரிலும் வெயிலிலும் சுருங்கி விரியும்போது தகடு இழுபட்டுக் கிழியும். ஷிங்கிளின் ஆணி எதுவும் தகட்டைத் துளைக்காதபடி சுவரிலிருந்து விலக்கி அடிக்கவேண்டும் என்பதும் இதே அளவு முக்கியம்.

கூடுவாய்களில் முதலில் படலம், அதன்மேல் நடுவில் சிறு மேடு எழுப்பிய உலோகத் தகடு, அதன்மேல் இருபுறமிருந்தும் வந்து நேர்கோட்டில் வெட்டப்பட்ட ஷிங்கிள். நடு மேடு எதற்கென்றால், செங்குத்தான இரண்டு சரிவுகளிலிருந்தும் வேகமாக இறங்கும் தண்ணீர் எதிர்ச் சரிவின் ஷிங்கிளுக்கு அடியில் பாய்ந்துவிடாமல் தடுப்பதற்கு. கூடுவாயின் கீழ் நுனி பக்கச் சுவரின் பின் மூலைக்கு மிக அருகில் முடிகிறது. டோர்மர்க் கூரையின் பின்பகுதியிலும் அதற்கு மேலே உள்ள வீட்டுக் கூரையிலும் விழும் மழை அந்த ஒரே புள்ளியில் வந்து சேரும். அங்கே கூடுவாய்த் தகட்டைக் கீழே நீட்டி, மேலிருந்து எண்ணினால் முதலாவதாக வரும் ஸ்டெப் தகட்டின் மேல் படியவைத்து, பிறகு சுவரிலிருந்து விலகி ஷிங்கிளின் மேலே தண்ணீர் இறங்கும்படி நுனியை மடித்தோம். அண்ணை விரலால் காட்டிய கோடுகளுள் மிக அழுத்தமாகக் காட்டியது இதைத்தான்.

டோர்மரின் முகடு கூரையைத் தொடும் உச்சிப் புள்ளியில் இரண்டு கூடுவாய்களும் ஒரு முகடும் சந்திக்கின்றன. அங்கே தகட்டை மடித்து உருவாக்குவதைவிட, இழுபடக்கூடிய படலத்தைப் பெரிய சதுரமாக ஒட்டி, அதன்மேல் மென்மையான ஈயத் தகட்டைத் தட்டிப் படியவைத்து, அதன் மேல்விளிம்பு வீட்டுக் கூரையின் ஷிங்கிளுக்கு அடியில் போகும்படி செய்தோம்.

சைடிங் போடுவதற்கு முன் தோட்டக் குழாயால் சோதித்தோம். குழாயைக் கீழிருந்து மேலாகக் கொண்டுபோகவேண்டும். முதலில் முன் தகட்டில் சில நிமிடங்கள், பிறகு பக்கச் சுவரின் கீழ்ப்பகுதி, பிறகு நடு, கடைசியாகக் கூடுவாயும் உச்சியும். மேலிருந்து தொடங்கினால் எந்த இடத்தில் தண்ணீர் நுழைந்தது என்று பிரித்தறிய முடியாது. யன்னல் திறப்பு வழியாக ஒருவர் கைவிளக்கோடு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே படலம் முழுவதும் உலர்ந்தே இருந்தது.

யன்னல், சைடிங், காற்று

பின்னால் அறை இல்லாத யன்னலை எப்படி வைப்பது என்பதில் பல வழிகளைப் பார்த்தேன். கண்ணாடிக்கு நேர் பின்னால் கறுப்புப் பலகையை ஒட்டுவதுதான் வழக்கமான வழி. அதில் வெயில் நேரத்தில் கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே வெப்பம் கடுமையாக ஏறும். இரட்டைக் கண்ணாடி என்றால் அதன் ஓர அடைப்பு விரைவில் கெட்டு, நடுவே புகைபடிந்தது போல ஆகிவிடும். வெப்பக்காப்பு தேவைப்படாத இடத்தில் இரட்டைக் கண்ணாடிக்குத் தேவையே இல்லை. பழைய வீடுகளிலிருந்து கழற்றிய பொருட்களை விற்கும் ஓர் இடத்தில், குறுக்குச் சட்டங்கள் உள்ள ஒற்றைக் கண்ணாடி மரச் சட்டகங்கள் இரண்டு ஒரே அளவில் கிடைத்தன. அவற்றைச் சுத்தம்செய்து, புட்டியை மாற்றி, கீழ் யன்னல்களின் வெள்ளை நிறத்தில் வர்ணம் பூசினோம். கண்ணாடிக்கு 8 அங்குலம் பின்னால் பளபளப்பில்லாத கரும்சாம்பல் வர்ணம் பூசிய பலகையை, நான்கு ஓரங்களிலும் காற்றுக்கு இடம் விட்டுப் பொருத்தினோம். பகலில் எந்த உண்மையான யன்னலும் வெளியிலிருந்து இருட்டாகத்தான் தெரியும். அந்த 8 அங்குல ஆழம் இருப்பதால் பார்ப்பவருக்குப் பலகை தெரியாது, அறையின் இருட்டே தெரியும். இரவில் உள்ளே ஒரு விளக்கு வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். திறந்து பார்க்க வழியற்ற ஒரு வெற்றிடத்துக்குள் மின்கம்பி கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை.

சட்டகத்தை ஆணியடிக்காமல் திருகாணிகளால் பொருத்தியிருக்கிறோம். சாரமோ ஏணியோ வைத்து அதைக் கழற்றினால் உள்ளே முழுவதையும் பார்க்கலாம். அலங்கார டோர்மர் கட்டும் எவரும் இந்த ஒரு வசதியை விட்டுவிடக்கூடாது.

மூலைச் சட்டங்களுக்கும் யன்னலைச் சுற்றிய பலகைகளுக்கும் உக்காத பிவிசி பலகைகளைப் பயன்படுத்தினோம். பக்கச் சுவர் சைடிங்கை ஷிங்கிளிலிருந்து ஒன்றரை அங்குலம் மேலே நிறுத்தினோம். சைடிங் ஷிங்கிளைத் தொட்டால் அதன் வெட்டுமுனை ஈரத்தை உறிஞ்சும். அந்தச் சாய்வெட்டு முனைகள் ஒவ்வொன்றுக்கும் பொருத்துவதற்கு முன்பே அடிப்பூச்சு பூசவேண்டும். ஷிங்கிளுக்கு மேலே தெரியும் அந்த இடைவெளியில் தகடு கண்ணில் படும் என்பதால் கூரையின் நிறத்திலேயே பூச்சுள்ள தகட்டை வாங்கினோம்.

டோர்மரின் உள் வெற்றிடத்துக்கும் காற்று வேண்டும். இருபுறக் கூரை நீட்சியின் அடியிலும் துளையிட்ட பட்டைகளை வைத்ததால், ஒரு பக்கத்தால் வரும் காற்று மறுபக்கத்தால் போகிறது. டோர்மரின் நீட்சி பின்னே சென்று வீட்டுக் கூரையைச் சந்திக்கும் மூலையில் முக்கோண வடிவில் ஒரு சிறு பொந்து மிஞ்சும். ரொறன்ரோவில் அணிலும் ரக்கூனும் இருக்கும் அளவுக்கு அந்தப் பொந்தை மறப்பது பெரிய தொல்லை. அரை அங்குலக் கண்ணுள்ள நாகம் பூசிய கம்பிவலையை மரத்தோடு திருகி, அதன்மேல்தான் பலகையை மூடினோம். ரக்கூன் பலகையைப் பிரித்தாலும் வலையில் நின்றுவிடும்.

ஷிங்கிள் வேலையை செப்டெம்பர் மாதத்தில் முடித்தோம். ஷிங்கிளின் அடியில் உள்ள ஒட்டுப்பட்டை வெயிலின் சூட்டில்தான் இளகிப் பிடிக்கும். குளிர் தொடங்கிய பின் போட்டால் ஒவ்வொன்றையும் கையால் பசை வைத்து ஒட்டவேண்டும். உறைகுளிரில் ஷிங்கிளே வெடிக்கும். முன் சரிவு முழுவதற்கும் ஒரே தொகுதி ஷிங்கிளைப் பயன்படுத்தியதால் டோர்மரின் கூரைக்கும் வீட்டுக் கூரைக்கும் நிற வேறுபாடு இல்லை. நல்ல நிலையில் உள்ள பழைய கூரையில் டோர்மரை மட்டும் சேர்க்க நினைப்போருக்கு நான் சொல்லக்கூடியது, கூரை மாற்றும் காலம் வரும்வரை காத்திருங்கள் என்பதே. வெளிறிய ஷிங்கிளுக்கு நடுவே புதிய ஷிங்கிள் ஒட்டுத்துணியாகத் தெரியும். அத்தோடு பழைய ஷிங்கிளை இடையில் தூக்கித் தகடு செருகும்போது அவை உடையும்.

முதல் குளிர்காலத்தில் ஒவ்வொரு பனிப்பொழிவின் பிறகும் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று கூரையைக் கவனித்தேன். எங்காவது ஓரிடத்தில் மட்டும் பனி முன்கூட்டியே உருகினால் அங்கே உள்வெப்பம் கசிகிறது, காற்றோட்டம் தடைப்பட்டிருக்கிறது என்று பொருள். படுக்கைவாட்டுக் கட்டைகள் வைத்த வலப்பக்கத்தை அதற்காகவே குறிப்பாகப் பார்த்தேன். இரண்டு டோர்மர்களைச் சுற்றியும் பனி ஒரே சீராகவே இருந்தது. எதிர்பார்த்தபடி இரண்டுக்கும் நடுவிலும் பக்கச் சுவரோரமும் பனி கூடுதல் நாள் தங்கியது. பீலியில் பனிக்கட்டி கட்டவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் பார்க்கவேண்டியவை சிலதான். இலையுதிர்காலத்தின் முடிவில் கூடுவாய்களிலும் பக்கச் சுவரின் பின் மூலைகளிலும் சேரும் மேப்பிள் இலைகளைக் கூட்டி அகற்றவேண்டும்; அவை நனைந்து படிந்தால் தண்ணீரைத் தகட்டின் மேல் விளிம்பு வரை தேக்கிவிடும். வசந்தத்தில் யன்னல் சட்டகத்தின் அடிச்சட்டத்தில் வர்ணம் உரிந்திருக்கிறதா என்று பார்த்து, உரிந்த இடத்துக்கு மட்டும் பூசினால் போதும். தெற்கு நோக்கிய வீடு என்பதால் அந்தச் சட்டங்களில் வெயில் அதிகம் படுகிறது. அதனால் ஒரே நிற வர்ணத்தில் ஒரு சிறு தகரத்தை நிலக்கீழ் அறையில் எடுத்துவைத்திருக்கிறேன்.